பொழுதுபோக்கு என்ற பெயரில் ஒரு கைத்துப்பாக்கி



இந்த வாரத் தியானம் உங்களில் சிலருக்குக் கசப்பாயிருக்கும் என்பதை அறிந்தே எழுதுகிறேன். மேய்ப்பன் இனிப்பானவற்றை மட்டுமே எழுதுவானேயானால் அவனுக்குக் கோல் எதற்கு?

அண்மைக் காலமாக நம் சபையாரிடையே ஒரு புதிய ஆசை தலைகாட்டுகிறது. கைத்துப்பாக்கி வாங்க வேண்டும் என்ற ஆசை. உரிமத்துக்கான மனுவோடு இணைக்க நன்னடத்தைச் சான்று வேண்டுமென்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. யார் அவர்கள் என்று ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம்; ஒருவரைக் குறித்து நான் எழுதவில்லை. அவர்களிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே: "உங்களுக்கு ஏதேனும் ஆபத்து உண்டா?" கிடைத்த பதிலும் ஏறக்குறைய ஒன்றே: "ஆபத்து ஒன்றும் இல்லை ஐயா, ஒரு பொழுதுபோக்குதான். மாதத்தில் ஓரிரு நாள் சுட்டுப் பழகலாம், வீட்டிலும் ஒன்று இருக்கட்டுமே."

நான் சொல்ல விரும்புவதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்குக்காகவும் கௌரவத்துக்காகவும் கைத்துப்பாக்கி வைத்திருப்பது கிறிஸ்தவ இல்லத்துக்குத் தகாது. சட்டம் அனுமதித்தாலும் தகாது. அத்தகைய மனுவுக்கு நான் சான்றளிக்க மாட்டேன். ஏன் என்பதை விளக்குவது என் கடமை. பொறுமையாய் வாசிப்பது உங்கள் அன்பு.

முதலாவது, எதை நான் எதிர்க்கவில்லை என்பதைத் தெளிவாக்க வேண்டும். துப்பாக்கி சுடுதல் மதிப்புமிக்க ஒரு விளையாட்டு. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோதும், 2024-ல் பாரிசில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றபோதும் நாம் மகிழ்ந்தோம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும், நம் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமானும் அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் நாட்டுக்காக நின்றார்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் முழுப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் குறுக்களவு வெறும் அரை மில்லிமீட்டர். மூச்சையும் இதயத் துடிப்பையும் அடக்கி அதைத் தொடுகிறவர்களின் ஒழுக்கத்தை நான் வணங்கி மதிக்கிறேன். 2022 ஜூலையில் திருச்சியில் மாநிலப் போட்டி நடந்தபோது, நடிகர் அஜித்குமார் கலந்துகொள்கிறார் என்று கேள்விப்பட்டு இளைஞர்கள் திரண்டதை நீங்கள் அறிவீர்கள். அதன்பின் சுடுதளத்தில் சேர்ந்து பயிலும் பிள்ளைகளைக் குறித்தும் எனக்கு மனவருத்தமில்லை.

எல்லையில் காவல் நிற்கும் நம் பிள்ளைகளைக் குறித்தோ, காவல்துறையில் பணிபுரியும் சகோதரரைக் குறித்தோ, திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையில் உழைத்து உண்ணும் குடும்பங்களைக் குறித்தோ இங்கே ஒரு சொல்லும் இல்லை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் பலூன் சுடும் சிறுவனைக் கண்டு நான் பதறுகிறவனும் அல்ல. அங்கே சுடுகிறவன் துப்பாக்கியைத் திரும்பக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். கேள்வி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்புகிறவரோடுதான் என் வழக்கு. தாளில் வரைந்த வட்டத்தைச் சுட, மனிதனை வீழ்த்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கருவி வீட்டு அலமாரியில் எதற்கு?

இரண்டாவது, உண்மையைக் குறித்த ஒரு காரியம். நம் நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அன்று, அனுமதி. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் விதிகளும் அந்த அனுமதியை நெறிப்படுத்துகின்றன. எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்பதை மனுவில் சொல்ல வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை தர வேண்டும். விளையாட்டு வீரருக்கு அதற்கென்று ஒரு வழி உண்டு: சங்கத்தில் சேர்ந்து, பயின்று, தகுதியைக் காட்ட வேண்டும். அந்த வழியின் உழைப்பை விரும்பாதவர்கள் "தற்காப்பு" என்று எழுதுகிறார்கள். தற்காப்பு என்று எழுதினால் அச்சுறுத்தலைக் காட்ட வேண்டும். ஆகவே இல்லாத எதிரி ஒருவன் உண்டாக்கப்படுகிறான். பத்து ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன வரப்புத் தகராறு மீண்டும் உயிர்பெறுகிறது. பங்காளியின் பெயர் மனுவில் ஏறுகிறது.

என்னிடம் "பொழுதுபோக்கு" என்று சொல்லிவிட்டு அரசாங்கத்திடம் "உயிருக்கு ஆபத்து" என்று எழுதுகிறவர், பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதென்ற கற்பனையை மீறுகிறார். அதற்குத் துணையாகச் சபைப் போதகரின் கையெழுத்தையும் கேட்கிறார். துப்பாக்கி வீட்டுக்குள் வருமுன்பே பொய் வந்துவிட்டது.

மூன்றாவது, "பாதுகாப்புக்கு இருக்கட்டுமே" என்ற வாதத்தைச் சோதித்துப் பார்ப்போம். அதற்கான சோதனையை அரசாங்கமே தேர்தல்தோறும் நடத்திவருகிறது. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருவது நம் மாவட்டங்களில் வழக்கம். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது; வாக்குகள் ஜூன் 4 அன்று எண்ணப்பட்டன. நடுவில் 80 நாட்கள். அந்த 80 நாட்களில் நம் வயல்களில் என்ன நடந்தது? உளுந்தும் பயறும் பறித்தோம். பருத்தி எடுத்தோம். கோடை மழையை எதிர்பார்த்தோம். பிள்ளைகளுக்குத் திருமணங்கள் நடந்தன. துப்பாக்கியை ஒப்படைத்த அன்பர்கள் வழக்கம்போல இரவில் உறங்கினார்கள், காலையில் கடைத்தெருவில் தேநீர் அருந்தினார்கள்.

உண்மையாகவே உயிருக்கு ஆபத்து இருந்திருந்தால் அந்த 80 நாட்களும் நரகமாயிருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. முடிவு வந்தபின் அவர்கள் ஆவலோடு போய் மீட்டுக்கொண்டு வந்தது எதை? பாதுகாப்பையா? அது ஒருநாளும் குறைவுபடவில்லையே. மீட்டு வந்தது தங்கள் பெருமையை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனிதர் மனம் கொதிக்கும் காலத்தில் துப்பாக்கி அவர்கள் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்பதல்லவா அந்த உத்தரவின் பொருள்? தேர்தல் ஐந்து ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வரும். வாய்க்கால் தண்ணீர்த் தகராறும், பாகப்பிரிவினையும், திருமணப் பந்தியில் எழும் வாய்ச்சண்டையும் ஆண்டு முழுவதும் வரும்.

நான்காவது, நம் மண்ணின் நினைவு. தஞ்சைத் தரணியில் துப்பாக்கி யார் வீட்டில் இருந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். 1878-ஆம் ஆண்டு வெள்ளையர் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் பொதுமக்களின் கையிலிருந்து ஆயுதத்தை விலக்கியது. ஆட்சிக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் அனுமதி எளிதாயிற்று. மிராசுதார் வீட்டு முற்றத்துச் சுவரில் மான்கொம்புக்குப் பக்கத்தில் தொங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி கொக்கு சுடுவதற்கு மட்டும் பயன்பட்டதா? கூலி கேட்டு வாசலில் நின்றவன் முதலில் பார்த்தது அதைத்தான். அது சுடத் தேவையில்லை, தொங்கினாலே போதும்.

சில வேளைகளில் அது தொங்குவதோடு நிற்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் நடந்ததை நாம் மறக்கலாகாது. கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட விவசாயத் தொழிலாளரின் சேரிக்குள் நிலவுடைமையாளரின் ஆட்கள் நுழைந்தார்கள். துப்பாக்கிகள் வெடித்தன. ஓடி ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்கள், குடிசையோடு கொளுத்தப்பட்டார்கள். மாண்டவர்கள் 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சமாதானப் பிரபுவின் பிறப்பை நம் ஆலயங்கள் பாடிக்கொண்டாடிய அதே நாளின் இரவு அது. அவர்களைக் கொன்றது தீ. தப்பி ஓட முடியாதபடி அவர்களை அந்தக் குடிசைக்குள் விரட்டியதில் துப்பாக்கிக்கும் பங்கு உண்டு.

நீங்கள் அப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களில் பலருடைய தாத்தாக்கள் அந்த முற்றங்களில் கைகட்டி நின்றவர்கள். அதனால்தான் என் மனம் அதிகம் வேதனைப்படுகிறது. கல்வியும், அயல்நாட்டுச் சம்பாத்தியமும், காங்கிரீட் வீடும் ஆண்டவர் தந்த ஈவுகள். அவை கிடைத்தபின், நம் முன்னோரை நடுங்கவைத்த அதே அடையாளத்தை நம் சுவரில் மாட்ட ஆசைப்படுவது என்ன விடுதலை? எகிப்தைவிட்டு வெளியேறியவன் பார்வோனின் சாட்டையை நினைவுப்பொருளாக எடுத்துக்கொண்டு வரலாமா?

ஐந்தாவது, வேதம் காட்டும் ஓர் எச்சரிக்கை. இரண்டாம் நாளாகமம் 26-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் வாசியுங்கள். உசியா ராஜா பதினாறு வயதில் அரியணை ஏறினான். நல்லவனாகவே தொடங்கினான். கிணறுகள் வெட்டினான், மந்தைகளைப் பெருக்கினான், பயிர்த்தொழிலை நேசித்தான். டெல்டாக்காரருக்கு உடனே பிடித்துப்போகும் அரசன் அவன். பின்பு எருசலேமின் கோபுரங்களின்மேல் அம்பையும் பெருங்கற்களையும் எறியும் நூதன இயந்திரங்களை நிறுத்தினான். அவன் கீர்த்தி வெகுதூரம் பரவிற்று. அந்தப் பலத்தின் நடுவிலேதான் அவன் இருதயம் மேட்டிமையானது என்று வேதம் காட்டுகிறது. தனக்கு உரிமையில்லாத தூபபீடத்தண்டையில் துணிந்து நுழைந்தான். நெற்றியில் குஷ்டரோகத்தோடு வெளியே வந்தான்.

அவனுடைய இயந்திரங்களை யாரும் திருடவில்லை, எதிரி ஒருவனும் அவற்றைத் தகர்க்கவில்லை. அவற்றால் அவனை அவனிடமிருந்து காக்க முடியவில்லை, அவ்வளவே. "நான் பலசாலி, என்னை யார் என்ன செய்ய முடியும்" என்ற உணர்வை மனிதன் தாங்குவது கடினம். இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கிறவன் அந்த உணர்வைத்தான் விலைகொடுத்து வாங்குகிறான். அந்தக் கோலத்தில் ஒரு படம் எடுத்து முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போடுகிறானே, அந்தப் படம் யாருக்காக? தாளில் வரைந்த வட்டத்துக்கு முகநூல் கணக்கு கிடையாது.

"மன ஒருமைப்பாட்டுக்காகப் பழகுகிறேன்" என்பாரும் உண்டு. நியாயாதிபதிகள் 20-ஆம் அதிகாரத்தில் பென்யமீன் கோத்திரத்தாரில் எழுநூறு பேர் வருகிறார்கள். இடதுகைப் பழக்கமுள்ளவர்கள்; ஒற்றைத் தலைமுடியைக் குறிவைத்துக் கவண் எறிந்தாலும் பிசகாத கெட்டிக்காரர்கள். வேதத்தில் இவர்களுக்கு நிகரான குறிகாரக் கூட்டம் இல்லை. ஆனால் அந்தத் திறமை எந்தச் சண்டையில் செலவானது? கிபியாவில் கொடுமை இழைத்த அக்கிரமக்காரரை ஒப்புக்கொடுக்க மனமின்றிச் சொந்தச் சகோதரரோடு மோதிய சண்டையில். முடிவில் அந்தக் கோத்திரத்தில் கன்மலைக்கு ஓடித் தப்பியவர்கள் அறுநூறு பேர். கை நிதானமாயிருந்தது, மனம் நிதானமாயில்லை. குறிபார்க்கும் பயிற்சி ஒருவனுக்குக் கோபத்தை அடக்கக் கற்றுத்தரும் என்பது தானாக நிகழ்கிற காரியமன்று. மன ஒருமைதான் வேண்டுமென்றால் சுடுதளத்தில் பழகுங்கள். வீட்டில் முழங்காலில் நின்று ஜெபியுங்கள்.

இனி, எனக்கு எதிராக எடுக்கப்படும் வசனத்துக்கு வருகிறேன். "சீடரிடம் இரண்டு பட்டயங்கள் இருந்தனவே, இயேசு அவற்றை எறியச் சொல்லவில்லையே" என்கிறீர்கள். லூக்கா 22-ஐ முழுவதும் வாசியுங்கள். பதினொரு பேருக்கு இரண்டு பட்டயங்கள் எந்தப் போருக்கும் போதா. அவர் அந்தப் பேச்சை அத்துடன் முடித்தார். சில மணி நேரத்துக்குள் அவற்றில் ஒன்று உறையைவிட்டு வந்தது. பேதுரு மீன்பிடிக்கிறவன், படைவீரன் அல்லன். கோபத்தின் வேகத்தில் வீசினான். பிரதான ஆசாரியனின் வேலைக்காரனாகிய மல்குஸ் காதை இழந்தான். கட்டளையிட்ட பிரதான ஆசாரியனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏவலுக்கு வந்த ஏழைக்குத்தான் காயம். ஆயுதம் பெரும்பாலும் இப்படித்தான் ஆளைத் தெரிந்தெடுக்கிறது. சிலுவைக்குப் போகுமுன் நம் ஆண்டவர் கடைசியாகச் சுகமாக்கியது, தம்முடைய சொந்தச் சீடனின் ஆயுதம் உண்டாக்கிய காயத்தை என்பதை எண்ணிப்பாருங்கள். இன்று நாம் காதை அறுத்தால் ஒட்டவைக்க யார் வருவார்?

ஆறாவது காரியத்தை மிகுந்த நடுக்கத்தோடு எழுதுகிறேன். ஆபத்து எப்போதும் வெளியிலிருந்து வருவதில்லை. நம் வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் மனம் உடைந்த ஒரு நாழிகையில் பூச்சிமருந்து டப்பா எடுக்கப்பட்டது என்பதை அடக்க ஆராதனை நடத்துகிறவன் அறிவான். மனச்சோர்வு அலைபோல வந்து போகிறது. அந்த நேரத்தில் கைக்கு எது எட்டுகிறது என்பதைப் பொறுத்து ஒருவர் பிழைக்கிறார் அல்லது மாள்கிறார். இலங்கையில் 1990-களிலிருந்து கொடிய பூச்சிமருந்துகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டபோது, தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. மக்களின் துயரம் நீங்கிவிடவில்லை. கருவி மட்டும் கையெட்டும் தூரத்திலிருந்து அகன்றது.

துப்பாக்கி அதைவிடக் கொடியது. மனம் மாறி மருத்துவமனைக்கு ஓட அது நேரம் தருவதில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்துக்கொள்ளும் அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 40,000-க்கும் மேற்பட்டோர் துப்பாக்கியால் மாள்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். கள்வனுக்கென்று வாங்கியது வீட்டாரையே கொண்டுபோகிறது. இதை வாசிக்கிற யாராவது அப்படிப்பட்ட இருளில் இருப்பீர்களானால், எந்த நேரமானாலும் என்னை அழையுங்கள். போதகர் வீட்டுக் கதவு உங்களுக்காகத் திறக்கும்.

அந்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அங்கே வழக்கம் அப்படி, நண்பர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். 2015 ஜூன் 17 அன்று, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் இம்மானுவேல் ஆலயத்தில் புதன்கிழமை வேத ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நம் ஆலயத்திலும் நடக்கிறதே, அப்படிப்பட்ட சிறு கூட்டம். ஓர் இளைஞன் வந்தான். அந்நியன் என்று பாராமல் வரவேற்று நாற்காலி கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர்களோடு அமர்ந்திருந்தான். பின்பு ஜெபத்துக்காகக் கண்களை மூடியவர்களைக் கைத்துப்பாக்கியால் சுட்டான். போதகர் உட்பட ஒன்பது பேர் மாண்டனர். அந்தத் துப்பாக்கி கடையில் வாங்கியது. அந்தத் தேசத்தின் எல்லா வழக்கத்தையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

பெற்றோரே, சிறியதையும் அசட்டை பண்ணாதீர்கள். குறைந்த விசையுள்ள ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கிறீர்கள். சுடுதளத்துக்கு அனுப்பிப் பயிற்சியாளரின் கண்காணிப்பில் பழக்கினால் நன்று. ஆனால் விடுமுறையில் வரப்பில் நடந்து கொக்கையும் மடையானையும் சுடுகிறான் பையன். அதைப் படம்பிடித்து மகிழ்கிறார் தகப்பன். காட்டுப் பறவையைக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் வரும் பறவைகள் நம் வயலில் நத்தையையும் பூச்சியையும் தின்று நமக்குக் கூலியில்லாமல் வேலை செய்கின்றன. நத்தைகுத்தி நாரை என்ற பெயரே அதன் ஊழியத்தைச் சொல்கிறது. ஒரு சிட்டுக்குருவி விழுவதையும் பரமபிதா அறிகிறார் என்று ஞாயிறு பள்ளியில் கற்பித்துவிட்டு, திங்கட்கிழமை அதன்மேல் குறிவைக்கக் கற்பிக்கலாமா?

அப்படியானால் நமக்குப் பாதுகாப்பு எது? தஞ்சையில் இந்தக் கேள்விக்கு இரண்டு சாட்சிகள் ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாமல் நிற்கின்றன. ஒன்று கீழவாசல் பீரங்கி மேட்டில் கிடக்கும் இராஜகோபால பீரங்கி. இரகுநாத நாயக்கர் காலத்தது, இரும்பால் செய்த பெரும் பீரங்கி. அது அங்கே இருக்கும்போதே கோட்டை கைமாறியது. 1773-ல் ஆற்காட்டு நவாபுக்காகக் கும்பினிப் படை தஞ்சையைப் பிடித்தபோதும் அது அங்கேதான் இருந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மற்றொன்று சிவகங்கைக் குளத்தருகே உள்ள சுவார்ட்ஸ் ஐயரின் ஆலயம். 1779-ல் அவர் ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராகச் சீரங்கப்பட்டணம் போனார். அடுத்த ஆண்டு போர் மூண்டு ஹைதரின் குதிரைப்படை நம் வயல்களை நாசமாக்கியபோதும், சுவார்ட்ஸைத் தடையின்றிப் போகவிடும்படி ஹைதரே தம் ஆட்களுக்குச் சொல்லியிருந்தார். கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. விலை கொடுப்போம் என்று அரசரும் கும்பினியாரும் சொன்ன வாக்கை உழவர்கள் நம்பவில்லை; முன்பு ஏமாந்தவர்கள் அவர்கள். சுவார்ட்ஸ் தம் வாக்கைக் கொடுத்தார். அவர் எழுதிவைத்த கணக்குப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் 80,000 கலம் தானியமும் கோட்டைக்கு வந்து சேர்ந்தன. பேசியபடி ஒவ்வொருவருக்கும் விலை கொடுக்கப்பட்டது.

அவர் போர்ச்சேவகரை வெறுத்தவர் அல்லர். திருச்சிப் படைவீரருக்கும் ஊழியம் செய்தவர், அந்தத் தானியத்தை உண்டவர்களில் படைவீரரும் உண்டு. ஆனால் இரண்டு பகைப்படைகளின் நடுவே அவரை நடமாடவிட்டது அவருடைய சொல்லின் நாணயம். அவ்வாலயத்திலுள்ள பளிங்குச் சிற்பத்தைப் போய்ப் பாருங்கள். மரணப் படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையை இளவரசர் சரபோஜி பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கை வெறுங்கை.

ஊரில் நம் பாதுகாப்பும் அதுவே. இரவில் கள்வன் வந்தால் கூப்பிடு தூரத்தில் ஓடிவர அயலான் இருக்கிறானா? அவனோடு நமக்குப் பேச்சு உண்டா? வாய்க்கால் தண்ணீரை நியாயமாய்ப் பங்கிட்டோமா? கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்தோமா? இவற்றைச் செய்தவன் வீட்டுக் கதவு மெல்லியதானாலும் அவன் உறங்குவான்.

ஆகவே, பிரியமானவர்களே, மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உரிமத்துக்கு மனு செய்ய எண்ணியிருப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். விளையாட்டில் விருப்பமிருந்தால் சுடுதளத்தில் சேருங்கள், ஏர் ரைஃபிளில் பழகுங்கள், கருவியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தகப்பன் காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருக்குமானால், "ஞாபகார்த்தம்" என்று வைத்திராதீர்கள். உரிமம் பெற்றவர் மறைந்தபின் அது வீட்டில் கிடப்பது சட்டத்துக்கும் விரோதம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ முறைப்படி ஒப்படையுங்கள். கூட வர வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

ஏற்கெனவே உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அந்த 80 நாட்களை நினைவுகூருங்கள். அது இல்லாமல் உங்களுக்கு என்ன குறைந்தது என்று ஆண்டவரின் சமுகத்தில் நேர்மையாய்ப் பதில் சொல்லுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால், அடுத்த தேர்தலுக்காகக் காத்திராமல் இப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்; திரும்ப வாங்கப் போகாதிருங்கள்.

போர்க்கருவிகள் உழவுக்கருவிகளாக அடிக்கப்படும் ஒரு நாளை ஏசாயா தீர்க்கதரிசி கண்டார். அந்தத் தரிசனத்தைத் தமிழாக்கிய பெரியவர்கள் மண்வெட்டி, அரிவாள் என்ற சொற்களைத் தெரிந்துகொண்டார்கள். இரண்டும் நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. சம்பா விதைக்கிறவனுக்கு அவை போதும்.

ஜெபம்: சமாதானத்தின் தேவனே, எங்கள் அச்சத்தையும் எங்கள் ஆணவத்தையும் நீர் அறிவீர். அச்சத்தின் பெயரால் ஆணவத்தை வளர்க்காதபடி எங்களைக் காத்தருளும். எங்கள் பிள்ளைகளின் கைகள் உருவாக்கவும் விதைக்கவும் அறுக்கவும் கற்றுக்கொள்ளட்டும். எங்கள் இல்லங்களுக்கு நீரே காவலாயிரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்